கோல் போட்டாச்சு... வீட்டுக்கு எப்படிப் போறது?

பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் பார்க்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. 75-வது நிமிடத்தில் பந்தைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. அதே நிமிடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் ஒருவரைப் பிடித்து "எந்த ஊருங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பூந்தமல்லி, கொஞ்சம் தள்ளிப் போனால் திருநின்றவூர். இதில் ஏதாவது ஒன்றுதான் பதிலாக வரும்.

இவர்களுக்கு ஆட்டத்தில் ஆர்வம் இல்லை என்று யாராவது சொன்னால் அவருக்கு மேற்குச் சென்னையைத் தெரியாது என்று அர்த்தம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக ரயில் ஏறி வருகிறவர்கள் இவர்கள். வில்லிவாக்கம், ஐ.சி.எஃப்., பெரம்பூர், வியாசர்பாடி என்று இந்த ரயில் பாதை நெடுக ஃபுட்பால் ஆடும் பேட்டைகள்தான். சென்னையில் இந்த ஆட்டத்தை உயிரோடு வைத்திருப்பது கிரிக்கெட் மாதிரி டி.வி. விளம்பரம் இல்லை, இந்தப் பேட்டைகள்தான். அங்கிருந்து காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வருகிறவன்தான் ஆட்டம் முடியும் முன்னால் எழுந்து போக வேண்டியிருக்கிறது.

எழுந்து போனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் 2015 டிசம்பர் 20-ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஐ.எஸ்.எல். ஃபைனல், சென்னையின் எஃப்.சி. எதிர் எஃப்.சி. கோவா. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போய்விட்டது. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் சொந்த கோல், அதற்குப் பிறகு கூடுதல் நிமிடத்தில் மெண்டோசா போட்ட கோல். 3-2, கோப்பை சென்னைக்கு. அந்த ஆட்டம் கோவாவில் நடந்தது, ஆவடிக்காரர்கள் டி.வி.யில் பார்த்தார்கள், தப்பித்தார்கள். பெரியமேட்டில் நடந்திருந்தால் பாதிப்பேர் அந்த நேரத்தில் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நின்றுகொண்டிருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கணக்கு ரொம்ப எளிது. ஐ.எஸ்.எல். 2014-ல் ஆரம்பித்தபோது ஆட்டம் மாலை 7 மணிக்கு. 2017-18 சீசனில் 8 மணி ஆக்கினார்கள். நடுவில் 7.30-க்கு இறங்கி வந்தது. 2023-24-ல் மறுபடியும் 8. அடுத்த சீசனில் திரும்பவும் 7.30. இந்த மாற்றங்களில் ஒன்றையாவது "ரசிகர்கள் வீட்டுக்குப் போக வசதியாக இருக்கும்" என்பதற்காகச் செய்தார்கள் என்று நம்புகிறவர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு. டி.வி.யில் எத்தனை மணிக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் கணக்கு. அது வியாபாரம், அதில் தப்பில்லை. ஆனால் அந்த வியாபாரத்தின் செலவில் ஒரு பகுதியை கேலரியில் உட்கார்ந்திருப்பவன் தலையில் சத்தமில்லாமல் ஏற்றிவிடுகிறார்களே, அதுதான் தப்பு.

8 மணிக்கு ஆரம்பித்த ஆட்டம், இடைவேளை, கூடுதல் நிமிடம் எல்லாம் சேர்த்து முடிய 10 மணி நெருங்கிவிடும். கேட்டில் நெரிசலைத் தாண்டி வெளியே வர 10.10. அங்கிருந்து ரிப்பன் பில்டிங்கின் பின்பக்கமாக மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் புறநகர் ஸ்டேஷனுக்கு பத்து பதினைந்து நிமிட நடை. வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து, வண்டி எப்போது என்று போர்டைப் பார்த்து, 10.40-க்கு ஒன்று கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆவடி போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஆக, பதினொன்றரை மணிக்கு ஒருவர் ஆவடி ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார்.

இதுவரைக்கும் பெரிய குறை சொல்ல முடியாது. பத்து மணிக்கு மேல் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி விரிந்துகொண்டே போகும், கூட்டமாக இருக்கும், நின்றுகொண்டே போகவேண்டும். இருந்தாலும் மின்சார ரயில் ஒரு தெய்வம். பத்து ரூபாய்த் தாள் ஒன்று போதும், இருபது கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. பிரச்சினை அதற்குப் பிறகுதான். ரயிலில் வந்த 20 கிலோமீட்டர் சுலபம். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கான கடைசி 4 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர், பூந்தமல்லிக்காரருக்கு 9 கிலோமீட்டர், இதற்குத்தான் யாருமே பொறுப்பு இல்லை.

பூந்தமல்லி கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்டேடியத்தை விட்டு வெளியே வந்து நாலு எட்டு வைத்தால் வரும் பெரிய சாலைக்கு இன்றைய பெயர் ஈ.வெ.ரா. பெரியார் சாலை. பழைய பெயர் பூந்தமல்லி ஹை ரோடு. பழைய ஆட்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதாவது பூந்தமல்லிக்குப் போவதற்காகவே போட்ட சாலை. அந்த சாலையில் நின்றுகொண்டு, ராத்திரி பத்தரை மணிக்கு, பூந்தமல்லிக்கு எப்படிப் போவது என்று ஒருவர் யோசிக்கிறார்! பூந்தமல்லியில் ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. பகலில் 53 இருக்கிறது. ராத்திரியில் அது வருமா, எப்போது வரும் என்பது நிற்கிறவருடைய ஜாதகத்தைப் பொறுத்தது. வராவிட்டால் ரயிலில் ஆவடி போய் அங்கிருந்து தெற்கே திரும்ப வேண்டும், இல்லையென்றால் கோயம்பேடு வரை மெட்ரோவில் போய் அங்கே நின்று கையைக் காட்ட வேண்டும்.

ஆட்டோ? 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. ராத்திரி 11 முதல் காலை 5 வரை அதற்கு மேல் பாதி. பி.காம். படிக்கிறவனுக்கு இந்தக் கணக்கு கூடப் போட வராதா என்ன! ஸ்டேடியத்திலிருந்து பூந்தமல்லி சுமார் 22 கிலோமீட்டர் என்று வைத்தால் பகல் கட்டணம் 267 ரூபாய் சில்லறை, ராத்திரி கட்டணம் 401. இது மீட்டர் போட்டால். சென்னையில் ராத்திரி பதினொரு மணிக்கு மீட்டர் போட்ட ஆட்டோவைப் பார்த்தவர்கள் கையைத் தூக்கலாம்... யாரும் இல்லையா? சரி, கையை இறக்கிக்கொள்ளலாம். ஆப்பில் புக் பண்ணினால் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் புக் பண்ணுவதால் விலை ஏறியிருக்கும், ஏற்றுக்கொண்ட டிரைவர் போன் பண்ணி "பூந்தமல்லியா? ஆன்லைனா கேஷா?" என்று கேட்டுவிட்டு கேன்சல் செய்வார். அவரையும் குறை சொல்ல முடியாது, அந்த நேரத்தில் பூந்தமல்லி போனால் திரும்ப சவாரி கிடைக்காது. ஆக மொத்தம் மேட்ச் பார்த்த கேலரி டிக்கெட்டை விட வீட்டுக்குப் போகிற செலவு அதிகம்.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து "பைக்ல வந்தா என்ன?" என்பார். வரலாம். ஆயிரக்கணக்கான பைக்குகள் பெரியமேட்டுச் சந்துகளில் எங்கே நிற்கும் என்பது ஒன்று. திரும்பிப் போகிற வழி சி.டி.எச். ரோடு என்பது இன்னொன்று. பாடியைத் தாண்டினால் அகலப்படுத்துகிறோம் அகலப்படுத்துகிறோம் என்று வருடக்கணக்கில் பேச்சிலேயே இருக்கிற சாலை. ராத்திரியில் லாரிகளோடு அதில் போகச் சொல்வது யோசனையா சாபமா தெரியவில்லை. பைக் இல்லாதவன், பள்ளிக்கூடப் பையன், பெண்கள், இவர்களெல்லாம் ரசிகர்கள் இல்லையா? சாதாரண மாநகர பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. நல்ல திட்டம். ஆனால் பஸ்ஸே இல்லாத நேரத்தில் இலவசம் என்பதற்கு என்ன பொருள்? "மேட்சுக்குப் போறேன்" என்று சொல்லும் பெண்ணிடம் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி "எப்படி திரும்பி வருவ?" அதற்கு நகரத்திடம் பதில் இல்லாததால்தான் கேலரியில் பெண்கள் குறைவு. ஃபுட்பால் பிடிக்காததால் அல்ல.

இனி சேப்பாக்கம் பக்கம் போவோம். இங்கேதான் ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

2023 ஐ.பி.எல்.லில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடிய நாட்களில் மெட்ரோ ரயில் நேரத்தை நீட்டித்தார்கள். மேட்ச் டிக்கெட்டில் இருக்கும் கோடைக் காட்டினாலே மெட்ரோவில் போய்வரலாம் என்றார்கள். 2024-ல் மாநகர பஸ்ஸிலும் போட்டிக்கு 3 மணி நேரம் முன்பிருந்து மேட்ச் டிக்கெட்டையே பயணச்சீட்டாகக் காட்டலாம் என்று வந்தது. அருமையான ஏற்பாடு, யாருக்கும் இதில் வயிற்றெரிச்சல் வேண்டாம். இதிலிருந்து ஒன்று நிரூபணமாகிறது: இந்த ஊரில் இது முடியும். கிளப், மெட்ரோ, மாநகர பஸ் எல்லாம் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேச முடியும், அதற்கான செலவை யார் ஏற்பது என்று முடிவு செய்ய முடியும், கோடு ஸ்கேன் செய்யும் கருவியும் இருக்கிறது. அப்படியென்றால் பெரியமேட்டுக் கூட்டத்துக்குச் செய்யாததற்குக் காரணம் முடியாமை அல்ல, நினைப்பு இல்லாமை.

(இத்தனைக்கும் கிரிக்கெட்டே ஒரு காலத்தில் இதே இடத்தில்தான் ஆடப்பட்டது. நேரு ஸ்டேடியம் 1993-ல் இப்போதைய வடிவத்துக்கு வரும் முன் அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக 413 ரன் சேர்த்தது அங்கேதான்.)

மெட்ரோ சலுகை என்று வந்தாலும் அம்பத்தூர்க்காரனுக்கு அதில் பாதிப் பயன்தான், அவன் ஊருக்குத் தண்டவாளமே இல்லை. பூந்தமல்லிக்காவது கலங்கரை விளக்கத்திலிருந்து வரும் நான்காம் வழித்தடத்தில் இடம் கிடைத்தது. அம்பத்தூர், ஆவடி பக்கத்துக்குக் கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம் வரை 21 கிலோமீட்டருக்கு மேல் ஒரு வழித்தடம் என்று அறிவித்திருக்கிறார்கள். அது வரும்போது வரட்டும், அதுவரை ஸ்டேஷன் வாசலில் நிற்கிறவனுக்கு வேண்டியது பஸ்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2022-ல் கொச்சியில் பிளாஸ்டர்ஸ் மேட்ச் நாட்களில் ஸ்டேடியம் ஸ்டேஷனிலிருந்து மெட்ரோவை ராத்திரி 11.30 வரை ஓட்டினார்கள். ஃபுட்பாலுக்காக! கொல்கத்தாவிலும் ஈடன் கார்டனில் ஐ.பி.எல். இருந்தால் நள்ளிரவு நெருங்கும்போது ஸ்பெஷல் மெட்ரோ ஓடும். கடல் தாண்டிப் போனால் ஜெர்மனியில் பல கிளப்புகளின் மேட்ச் டிக்கெட்டே அன்றைக்கு அந்த வட்டாரத்து ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் டிக்கெட். 2022-ல் லிவர்பூல் - மான்செஸ்டர் சிட்டி எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி லண்டனில், ஆனால் அந்த ஈஸ்டர் விடுமுறையில் ரயில் பாதை வேலை, அந்த ஊர்களிலிருந்து நேர் ரயில் கிடையாது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் எஃப்.ஏ. 5,000 பேர் வரை போய்வர 100 பஸ்களை இலவசமாக விட்டது.

இதைவிட முக்கியமான உதாரணம் டார்ட்மண்ட். புந்தஸ்லிகாவில் டி.வி.க்காகத் திங்கட்கிழமை ராத்திரி ஆட்டம் வைத்தார்கள். மறுநாள் வேலைக்குப் போகிறவன் ராத்திரி எப்படித் திரும்புவான் என்று கேட்டு 2018 பிப்ரவரியில் ரசிகர்கள் புறக்கணித்தார்கள். 80,000 பேருக்கு மேல் நிரம்பி வழியும் ஸ்டேடியத்தில் அன்று 54,000 சொச்சம்தான். அந்த வருடமே லீக் பணிந்தது, 2021-22 சீசனிலிருந்து திங்கட்கிழமை ஆட்டம் கிடையாது என்று அறிவித்தார்கள். அங்கே ரசிகன் வராமல் போனதும் "ஏன் வரவில்லை?" என்று கேட்டார்கள். இங்கே ரசிகன் வராமல் போனால் "சென்னைக்கு ஃபுட்பால் ஆர்வம் இல்லை" என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். முதல் சீசனில் 20,000-ஐத் தாண்டிக் கூட்டம் வந்த அதே ஸ்டேடியம்தானே இது? கூட்டம் குறைவு என்பதால் பஸ் விடவில்லை, பஸ் இல்லை என்பதால் கூட்டம் குறைகிறது. ஒருவர் இந்தச் சக்கரத்தை எங்கேயாவது நிறுத்த வேண்டும், அதை ராத்திரி பதினொன்றரைக்கு ஆவடியில் நிற்கிறவன் நிறுத்த முடியாது.

கூட்டத்தை வரவழைப்பதில் காட்டும் அக்கறையை அனுப்பி வைப்பதில் காட்டாதது சென்னையின் பழைய நோய். 2023 செப்டம்பரில் ஈ.சி.ஆரில் ரஹ்மான் கச்சேரி ஞாபகம் இருக்கும். டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியவில்லை, சாலை மணிக்கணக்கில் உறைந்து நின்றது. 2024 அக்டோபர் 6, மெரினாவில் விமானப்படை சாகசம். லட்சக்கணக்கில் கூட்டம், கொளுத்தும் வெயில், முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குத் திரும்ப, பறக்கும் ரயில் ஸ்டேஷன்களில் கால் வைக்க இடமில்லை. 5 பேர் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகும் "நிகழ்ச்சி முடிந்ததும் ஜனங்கள் எப்படிப் போவார்கள்?" என்ற கேள்வியை அனுமதி கொடுக்கும்போதே கேட்கும் பழக்கம் இங்கே வரவில்லை என்றால் எப்போது வரும்?

யாரிடம் கேட்பது என்பதும் ஒரு குழப்பம்தான். ஸ்டேடியம் சென்னை மாநகராட்சியில். அம்பத்தூரும் 2011-லிருந்து அதில்தான். ஆவடி 2019-லிருந்து தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. போலீஸ் என்று பார்த்தால் 2022-லிருந்து ஆவடிக்குத் தனி கமிஷனரேட். ரயில் மத்திய அரசு, பஸ் மாநில அரசு, மெட்ரோ இரண்டும். ஒரு ஆள் மேட்ச் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவதற்குள் இத்தனை அதிகாரங்களைக் கடந்து போகிறான், ஒருவருக்கும் அவன் தங்கள் ஆள் என்ற எண்ணம் இல்லை.

ஆனால் கொஞ்சம் கவனித்தால் முடிச்சு அவ்வளவு சிக்கலானது இல்லை. நேரு ஸ்டேடியத்தின் சொந்தக்காரர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், அதாவது மாநில அரசு. மாநகரப் போக்குவரத்துக் கழகமும் மாநில அரசு. வீட்டை வாடகைக்கு விடுகிறவர் "ராத்திரி பத்து மணிக்கு மேல் மோட்டார் போடக் கூடாது" என்று நிபந்தனை போடுவதில்லையா? அதே மாதிரி, ராத்திரி 9.30-க்கு மேல் முடியும் எந்த நிகழ்ச்சிக்கும் ஸ்டேடியத்தை வாடகைக்கு எடுப்பவர் திரும்பிப் போகும் பஸ்ஸுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஃபுட்பால் மட்டும் இல்லை, கச்சேரிக்கும் சேர்த்துத்தான்.

பணம்? ஒரு டிக்கெட்டில் 10 ரூபாய். 8,000 பேர் வந்தால் 80,000 ரூபாய். ஆவடி ஸ்டேஷனிலிருந்து திருவேற்காடு வழியாகப் பூந்தமல்லிக்கு இரண்டு பஸ், அம்பத்தூரிலிருந்து அயப்பாக்கம் பக்கம் ஒன்று, முகப்பேர் பக்கம் ஒன்று, ஸ்டேடியத்திலிருந்து நேராகப் பூந்தமல்லி ஹை ரோடு பிடித்துப் போக இரண்டு. ஆறு பஸ், இரண்டு மணி நேரம். இதற்கு 80,000 போதாது என்று யாராவது சொன்னால் கணக்கைக் காட்டட்டும், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். டிக்கெட்டை இணைப்பது கஷ்டம் என்ற சாக்கும் இப்போது செல்லாது. 2025 செப்டம்பரில் சென்னை ஒன் என்ற செயலி வந்துவிட்டது, பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூ.ஆர். டிக்கெட்.

"லீக்கே தொங்கிக்கிட்டு இருந்துச்சு, இதுல பஸ் ஒரு கேடா?" என்று கேட்பவர்களும் உண்டு. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லை நிறுத்தி வைத்தபோது ரசிகர்கள் பட்ட பாடு தெரிந்ததுதான். ஒளிபரப்புப் பணத்தை மட்டும் நம்பிக் கட்டின வீடு அப்படித்தான் ஆடும். அந்தப் பணம் தடுமாறும்போது மிஞ்சுவது கேட்டில் டிக்கெட் கிழித்துக்கொண்டு உள்ளே வருகிறவன் மட்டும்தானே? ஜெயித்தாலும் தோற்றாலும் அவன் வருகிறான். 2025 மார்ச் 30 அன்று ரொனால்டினியோ, ரிவால்டோ எல்லாம் பிரேசில் ஜாம்பவான்கள் அணியாக வந்து இதே ஸ்டேடியத்தில் ஆடினபோதும் வந்தான், வயதான கால்களைப் பார்த்தே விசில் அடித்தான்.

பஸ் வருகிற வரைக்கும் செலவே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. மேட்ச் நடுவே மைக்கில் விளம்பரம் வாசிக்கிறார்கள் இல்லையா? இடைவேளையில் அதில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸிலிருந்து அன்றைக்கு ராத்திரி 10 மணிக்கு மேல் ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் போகும் வண்டிகளின் நேரத்தை வாசிக்கலாம். அரை நிமிடம் ஆகும். அடுத்த வண்டி எப்போது என்று தெரிந்தால் 75-வது நிமிடத்தில் எழுந்திருக்கிறவர்களில் பாதிப்பேர் திரும்ப உட்கார்ந்துவிடுவார்கள்.